சூட்டுக்கும் ஒரு வரவு செலவு

மளிகைக்கும் பாலுக்கும் கணக்கு எழுதும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சூட்டுக்குக் கணக்கு எழுதும் வீட்டை நான் பார்த்ததில்லை. கேஸ் என்று ஒரு வரி, கரன்ட் என்று ஒரு வரி, அவ்வளவோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் கல்லூரிப் பிள்ளைகளை மிரட்டுகிற வெப்ப இயக்கவியலின் முதல் விதியே ஒரு வரவு செலவுக் கணக்குதான். ஒரு பொருளுக்கு நாம் கொடுத்த வெப்பத்திலிருந்து, அது வெளியே செய்த வேலையைக் கழித்தால் மிஞ்சுவது அதற்குள் சேர்ந்த ஆற்றல். நடுவில் எதுவும் மாயமாவதில்லை.

கையில் மூன்று எண்கள் இருந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல். கொதிக்கும் ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல். கரன்ட் மீட்டரின் ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். கீழே வரும் குறிப்புகளில் பலவும் இந்த மூன்றிலிருந்து கிளைத்தவை.

1. கொதி வந்ததும் அடுப்பைக் குறையுங்கள். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 294 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் முழுக்க வற்றிப்போக அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு பெரிதாக எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் ஆவியாகி ஜன்னல் வழியே போகிறது. அரிசிக்கு இது எதுவும் தெரியாது. தளதளவென்று கொதித்தாலும், மெல்லக் கொதித்தாலும் அது வேகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வெப்பம் கொடுத்தும் வெப்பநிலை ஏறாத இந்த விந்தையை 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் அளந்து பார்த்தார். பள்ளிப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். பெரிய தீ தேவைப்படுவது பால்கோவா, வற்றல் குழம்பு மாதிரி நீரை வற்றவைக்கும் சமையலுக்கு மட்டும். அங்கே ஆவியாக்குவதுதான் வேலையே.

2. மூடி போடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான். திறந்த பாத்திரத்தில் கொதி வருவதற்கு முன்பே ஆவி கிளம்பிவிடுகிறது. போகிற ஒவ்வொரு கிராமும் 2 கிலோஜூலுக்கு மேல் தூக்கிக்கொண்டு போகிறது.

3. இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியை உங்கள் பக்கம் சாய்க்காதீர்கள், எதிர்ப்பக்கமாகத் தூக்குங்கள். கையில் ஒரு கிராம் வெந்நீர் பட்டால் அது உடல்சூட்டுக்கு ஆறும் வரை சுமார் 260 ஜூல் கொடுக்கும். அதே 100 டிகிரியில் ஒரு கிராம் நீராவி பட்டால், தோலின்மேல் தண்ணீராக மாறும்போதே 2,260 ஜூலைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த 260-ஐத் தொடங்கும். வெப்பமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். தோலுக்குப் போகும் சூடு ஒன்பதரை மடங்கு. பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் காட்டுங்கள். இங்க் தடவுவது, பற்பசை தடவுவது எல்லாம் வேண்டாம்.

4. குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். "நாலு விசில்" என்று சமையல் குறிப்பில் எழுதுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். பெரிய தீயில் நாலு விசில் சில நிமிடங்களில் அடித்துவிடும். சிம்மில் கால் மணி நேரம் ஆகும். பருப்பு வேகுவது விசிலை எண்ணிப் பார்த்து அல்ல, எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதை வைத்து. நம் வீட்டுக் குக்கரின் வெயிட், உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் நிறுத்துகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த 20 டிகிரிதான் துவரம்பருப்பைக் குழைக்கிறது. வெயிட் லேசாக ஆடிக்கொண்டிருந்தாலே 120 வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அடிக்கும் ஒவ்வொரு விசிலும் ஆவிச் செலவு.

விசில் அடிக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நெருப்பு கொடுத்த வெப்பத்தின் ஒரு துளி, ஓர் இரும்புக் குண்டைத் தூக்கும் வேலையாக மாறுகிறது. டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் இப்படியொரு அழுத்தப் பாத்திரத்தைச் செய்தார். எலும்பையும் மெதுவாக்கும் பாத்திரம் அது. அதில் சமைத்ததை 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு விருந்தாகவே பரிமாறியிருக்கிறார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க அவர் வைத்த பாதுகாப்பு வால்வும், ஆவி தூக்கும் வேலையைப் பார்த்து 1690இல் அவர் எழுதிய உருளை, பிஸ்டன் யோசனையும் பின்னால் பெரிய விஷயங்களாயின. 1712இல் உருளையும் பிஸ்டனும் கொண்ட நியூகமனின் நீராவி எந்திரம் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத் தொடங்கியது. தொழிற்புரட்சியின் வேர்களில் ஒன்று சமையல்கட்டில் இருக்கிறது என்று சொன்னால் மிகை ஆகாது.

5. ஊட்டி, கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கிச் சமைப்பவர்கள் குக்கர் இல்லாமல் போகாதீர்கள். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். கொண்டைக்கடலை நாள் முழுக்கக் கொதித்தும் கல்லாகவே இருப்பது கடைக்காரர் தப்பு இல்லை.

6. அடுப்பை அணைத்த பிறகும் சமையல் நடக்கும். சாதத்துக்கும் முட்டைக்கும் கடைசிச் சில நிமிடங்களுக்கு நெருப்பே வேண்டாம். மூடிய பாத்திரத்தில் சேர்ந்திருக்கும் சூடு அதைப் பார்த்துக்கொள்ளும். இதையே முழுச் சமையலாக்கியது கேரளத்துச் சூடாறாப்பெட்டி. தமிழ்நாட்டுக் கடைகளில் தெர்மல் ரைஸ் குக்கர் என்று கேட்டால் கிடைக்கும். அரிசியைச் சில நிமிடம் கொதிக்கவிட்டுப் பாத்திரத்தோடு அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினால், ஒரு மணி நேரத்தில் சாதம் தயார். மின்சாரம் இல்லை, தீ இல்லை. வெப்பம் வெளியேறும் வழியை அடைத்ததைத் தவிர அந்தப் பெட்டி எதுவுமே செய்வதில்லை.

7. மிக்ஸியில் மாவு அரைத்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். விட்டு விட்டு ஓட்டுங்கள். 750 வாட் மிக்ஸி முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடினால் 45 கிலோஜூல். ஜாரில் அரைக் கிலோ மாவு இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஆற்றலில் பாதி மாவுக்குப் போனாலும் நிமிடத்துக்கு 12, 13 டிகிரி ஏறும். மூன்று நிமிடம் ஓட்டினால் மாவு சுடச்சுட இருக்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பாடு திண்டாட்டம். கோயம்புத்தூர் கிரைண்டர் சுமார் 150 வாட் மோட்டாரில் நிதானமாக, அதிக மாவை, அதிக நேரம் அரைக்கிறது. உண்டாகும் சூடு கல்லுக்கும் காற்றுக்கும் போக அவகாசம் கிடைக்கிறது. கிரைண்டர் மாவு இட்லி பூப்போல வருவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. காபிக்கொட்டை, மிளகு, தனியா அரைக்கும்போதும் இதே எச்சரிக்கை. ஜார் சூடானால் மணம் பறந்துவிடும்.

அரைத்தால் ஏன் சுட வேண்டும்? அங்கே நெருப்பே இல்லையே! இந்தக் கேள்விக்கு உலகம் பதில் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு ஆனது. 18ஆம் நூற்றாண்டில் வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம், சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வழிகிறது என்று நம்பினார்கள். அதற்குக் கலோரிக் என்று பெயர். மியூனிக் நகரத்து ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாயைக் குடைவதை மேற்பார்த்த ரம்ஃபோர்டுப் பிரபு, குடைகிற இடம் கொதிப்பதைக் கவனித்தார். வேண்டுமென்றே மழுங்கிய குடைகருவியை வைத்து, குழாயைச் சுற்றித் தண்ணீர் நிரப்பி, குதிரையைப் பூட்டிச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. சுற்றுகிற வரை சூடு வந்துகொண்டே இருந்தது. திரவம் என்றால் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டுமே என்று 1798இல் எழுதினார். அதன் பிறகு மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலை முதலாளியின் மகன் ஜேம்ஸ் ஜூல், 1840களில் எடைக்கற்களை மெல்ல இறக்கி, அவற்றால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழலவைத்து, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று அளந்தார். நாம் 4.2 என்று எழுதும் எண் அவர் அளந்ததுதான். அவர் கால அலகில் 772 என்று வரும். மிக்ஸி ஜாரில் தினமும் நடப்பது ஜூலின் சோதனை. அளப்பதுதான் இல்லை.

8. தீ பாத்திரத்தின் அடிவிளிம்பைத் தாண்டக் கூடாது. சின்னப் பால் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் பாதித் தீ பக்கவாட்டில் ஏறிக் காற்றைச் சூடாக்கும், கைப்பிடியையும் கருக்கும். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து மாட்டுங்கள். மேலே சொன்ன ரம்ஃபோர்டு, பீரங்கியோடு நிற்கவில்லை. அந்தக் காலத்துச் சமையலறைகளில் திறந்த நெருப்பில் விறகு வீணாவதைப் பார்த்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அளவாக மூடிய அடுப்புகளை வடிவமைத்தவரும் அவரே.

9. சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று பார்க்க, ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு பட்டை துடையுங்கள். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கோட்டுக்குக் கீழே ஈரம் நிற்கும். அந்தக் கோடுவரை திரவம் இருக்கிறது. திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு சூடேறத் தாமதமாகும், அவ்வளவுதான் ரகசியம். அடுப்பு எரியும்போது துடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் உள்ளே திரவம் வாயுவாக மாறுவதற்கான வெப்பத்தைச் சிலிண்டர் சுவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கல்யாணச் சமையலில் பெரிய அடுப்பை விடாமல் எரித்தால் சிலிண்டர் வியர்த்துக் குளிர்ந்து, தீ மந்தமாவதும் இதனால்தான். அதற்காகச் சிலிண்டருக்கு அனல் காட்டுவது, வெந்நீர் ஊற்றுவது கூடவே கூடாது. இரண்டு மூன்று சிலிண்டர்களை இணைத்துச் சுமையைப் பகிர்ந்துகொடுப்பதே சரியான வழி.

10. சைக்கிள் பம்பு அடிப்பக்கம் சுட்டால் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். காற்றை அமுக்கும்போது உங்கள் கை செய்யும் வேலை காற்றுக்குள் சூடாகச் சேர்கிறது. அடிக்கும்போது பம்பின் நடுவைப் பிடியுங்கள், போதும்.

11. கரன்ட் பில்லைக் குறைக்க வேண்டுமானால் முதலில் சூடாக்கும் கருவிகளைத் தேடுங்கள். பொருளைத் தூக்குவது, சுற்றுவது, வெளிச்சம் கொடுப்பது எல்லாம் மலிவு; சூடாக்குவதுதான் காசு. இது முதலில் நம்பும்படியாக இருக்காது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்து ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்றுகிறீர்கள். அதற்குத் தேவையான வேலை 98 கிலோஜூல். மோட்டாரும் குழாயும் தின்பதைச் சேர்த்தாலும் அதைப்போல மூன்று, நான்கு மடங்குதான். அதே ஆயிரம் லிட்டரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 4,200 கிலோஜூல். தண்ணீர் தன் ஆற்றலாலேயே ஒரு டிகிரி சூடாக வேண்டுமானால் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். நயாகரா அருவியின் அடிவாரத் தண்ணீர் மேலே இருப்பதைவிட ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரிதான் கூடுதலாகச் சுடும் என்று ஜூல் கணக்குப் போட்டார்.

இன்னொன்று. நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ இருக்கும். அதை மூன்றாம் மாடிக்கு, 9 மீட்டர் உயரம், சுமந்து வருவதில் சிலிண்டர்மேல் செய்யப்படும் வேலை 2.6 கிலோஜூல். உள்ளே இருக்கும் கேஸில் 0.06 கிராம் எரிந்தால் வருகிற வெப்பத்துக்கு அது சமம். கடுகு அளவு கேஸ்! இந்தக் கணக்கைக் காட்டி, சுமந்து வருபவருக்குக் கொடுப்பதைக் குறைத்துவிடாதீர்கள். நம் தசை செய்யும் வேலையைப்போல மூன்று மடங்கு சூடாக உடம்பில் வீணாகிறது. அவர் தன் உடம்பையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்.

12. குளிக்கத் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டாம். 28 டிகிரித் தண்ணீர் 20 லிட்டரை 42 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு யூனிட் ஆகும். ஒரு செல்போனை முழுக்கச் சார்ஜ் செய்வதைப்போலச் சுமார் 15 மடங்கு. அந்த வாளிக்காகப் பாதித் தண்ணீரை 56 டிகிரிக்குச் சூடாக்கி, பாதியைப் பச்சைத் தண்ணீராகக் கலந்தால் கணக்கு சரியாக வரும். கொதிக்கவைத்தே பழக்கம் என்றால் ஒரு பங்கு வெந்நீருக்கு நான்கு பங்கு பச்சைத் தண்ணீர். இரண்டிலும் தண்ணீருக்குள் போகும் வெப்பம் ஒன்றேதான். ஆனால் கொதிக்கும் அண்டா வழியில் அதிகம் இழக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்தும் அதிகம். ஹீட்டர் ராடு பயன்படுத்துபவர்கள் பிளாஸ்டிக் வாளியில், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். தேங்கும் கீசரை இரவெல்லாம் போட்டு வைக்காதீர்கள்.

13. காபி ஆறக் கூடாது என்றால் டம்ளரிலேயே விட்டு டபராவைக் கவிழ்த்து மூடுங்கள். ஆற வேண்டும் என்றால் ஆற்றுங்கள்.

14. மண்பானையைக் காற்றோட்டமான நிழலில், ஈர மணல்மேல் வையுங்கள். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். தேங்காய் நார் போதும். நுண்துளைகள் அடைத்துவிட்டால் அது வெறும் பானை. பத்து லிட்டர்ப் பானையிலிருந்து 100 மில்லி கசிந்து ஆவியானால், அது எடுத்துப்போகும் வெப்பம் மிச்சத் தண்ணீரை 5, 6 டிகிரி குளிரவைக்கப் போதும். வேலூரில் மே மாதம் நன்றாக வேலை செய்யும் பானை, சென்னைக் கடலோரத்தில் அதே மாதம் சோம்பல் படும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாதல் தடைப்படும். ஏர் கூலருக்கும் இதே கதை. கூலர் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் அது கொஞ்ச நேரத்தில் புழுக்கத்தைத்தான் தரும்.

15. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து அறையைக் குளிரவைக்க முடியாது. அறை சூடாகும். ஃபிரிட்ஜ் குளிர்ச்சியை உண்டாக்கவில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பிடுங்கிப் பின்பக்கம் கொட்டுகிறது, அதற்குச் செலவழித்த கரன்ட்டையும் சூடாக்கிச் சேர்த்துக் கொட்டுகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் போகாது என்று 1850இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் எழுதியதுதான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியின் ஒரு வடிவம். போகவைக்க வேண்டுமானால் கூலி கொடுக்க வேண்டும். கம்ப்ரசர் வாங்குவது அந்தக் கூலி. அதனால் ஃபிரிட்ஜின் பின்புறம் சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு லிட்டர்ச் சாம்பாரை 80 டிகிரியில் உள்ளே தள்ளினால் 400 கிலோஜூல் கூடுதல் சுமை. பாத்திரத்தை அகலமான தண்ணீர்த் தட்டில் இருத்தி ஆறவைத்துப் பிறகு வையுங்கள். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிடவும் வேண்டாம், கெட்டுப்போகும்.

16. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிராது. ஃபேன் குளிரவைப்பது, வியர்வையை உலர்த்தி, நம் உடம்பை மட்டுமே. 75 வாட் ஃபேன் காற்றைச் சுழற்றச் செய்யும் வேலை முழுவதும் கடைசியில் உராய்ந்து சூடாகி அதே அறைக்குள் நிற்கிறது.

17. ஏசி வாங்கும்போது அறையின் நீள அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை ஜன்னல் என்பதையும் பாருங்கள். ஒருநாளைக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடும் ஒரு மனிதர், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார், பழைய குண்டு பல்பு ஒன்றைப்போல. ஒன்றரை டன் ஏசி நொடிக்கு 5.3 கிலோஜூல் வெப்பத்தை வெளியே தள்ளும். நிச்சயதார்த்தத்துக்குப் பத்துப் பேர் ஒரே அறையில் கூடினால், அதன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு சொந்தக்காரர்களுக்கே சரியாகிவிடும். 500 பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தில் விருந்தாளிகள் மட்டும் 50 கிலோவாட்!

உணவும் எரிபொருளே என்ற இந்த எண்ணம் யூலியுஸ் மேயர் என்ற ஜெர்மன் கப்பல் மருத்துவருக்கு 1840இல் ஜாவாவில் வந்தது. மாலுமிகளின் சிரையிலிருந்து எடுத்த ரத்தம், குளிர்நாட்டில் பார்த்ததைவிடப் பளிச்சென்று சிவந்திருந்தது. வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்கக் குறைவாக எரித்தால் போதும், அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமாகிறது என்று ஊகித்தார். அங்கிருந்து ஆற்றல் அழியாது என்ற முடிவுக்கு வந்து 1842இல் கட்டுரை வெளியிட்டார். ஜூலுக்கு முந்தி அச்சேறியும் பலகாலம் யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

டன் என்பது ஏசியின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதாவது சுமார் 3.5 கிலோவாட். இயந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சி உண்மையிலேயே டன் கணக்கில்தான் விற்றது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்கப் பனி வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1842இல் கட்டிய கிடங்கு. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். முதலில் 1833இல் கல்கத்தாவுக்குப் போன சரக்கு, நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் பாதிக்குமேல் உருகாமல் வந்து சேர்ந்தது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். மரத்தூள் அதை உள்ளே விடவில்லை. விசேஷத்துக்கு ஐஸ் கட்டி வாங்கி வருபவர்கள் சாக்கில் உமியோ மரத்தூளோ பரப்பிச் சுற்றினால், வெறும் சாக்கைவிட நன்றாகத் தாங்கும்.

18. வெயில் விழும் ஜன்னலுக்கு உள்பக்கத் திரையைவிட வெளிப்பக்கத் தட்டி மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

19. மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் சூரியன் இறங்கிய பிறகு, நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். 12 செ.மீ. கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டரை ஒரு டிகிரி குளிரவைக்கச் சுமார் 250 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்காமல் அங்கேயே ஆவியானால் 2,400 கிலோஜூல் எடுக்கும், கொதித்து ஆவியாவதைவிடச் சற்றே அதிகம். எல்லாமே தளத்திலிருந்து போனால் 9 டிகிரிக்குமேல் இறங்கும். அதே லிட்டர் வழிந்து குழாயில் ஓடிப்போனால் ஏறக்குறைய ஒன்றுமே எடுக்காது. குடம் குடமாகக் கொட்டுவது வீண். தண்ணீருக்குத் தட்டுப்பாடான ஊரில் இதுவும் வேண்டாம், வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் திருப்பும் பெயின்ட்டோ ஒருமுறை அடித்துவிடுங்கள். வெப்பத்தை உள்ளே விட்டுப் பிறகு வெளியேற்றுவதைவிட அது லாபம்.

20. இஸ்திரி போடுவதை ஒருநாளைக்கு ஒரு சட்டை என்று பிரிக்காமல் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வையுங்கள். பெட்டி ஒவ்வொரு முறையும் சூடேறுவதற்கே ஒரு செலவு. பருத்தியை முதலில் முடித்து, கடைசியில் பெட்டியை அணைத்துவிட்டுக் கைக்குட்டை, பாலியஸ்டர் எல்லாம் மிச்சச் சூட்டில் தேய்க்கலாம்.

21. கேஸா, இண்டக்‌ஷனா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால் இப்படிப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 180 யூனிட். அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்தால் 108 யூனிட். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகும். அதே சமையலுக்கு ஏறக்குறைய 130 யூனிட் கரன்ட். ஆகவே சிலிண்டர் விலையை 130ஆல் வகுங்கள். வருகிற தொகையைவிட உங்கள் கடைசி யூனிட்டின் விலை குறைவாக இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், அதிகமாக இருந்தால் கேஸ் லாபம். கடைசி யூனிட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிக்கட்டுபோல ஏறும் கட்டணத்தில், புதிதாகச் சேரும் யூனிட்டுகள் மேல்படியில்தான் உட்காரும். முதல் நூறு இலவசம் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இண்டக்‌ஷன் சிக்கனம் என்பது வீட்டுக்குள் மட்டும் பார்க்கும் கணக்கு. நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாகப் போகிறது. பொறியாளர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. வேலையை முழுக்க வெப்பமாக்கலாம், ஆனால் சுழன்று சுழன்று ஓடும் எந்த எந்திரமும் வெப்பத்தை முழுக்க வேலையாக்க முடியாது என்ற புரிதலுக்கான வழியை 1824இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ திறந்துவிட்டார். 540 டிகிரி நீராவிக்கும் 40 டிகிரித் தண்ணீருக்கும் நடுவில் ஓடும் எந்திரம், ஒரு குறையும் இல்லாமல் செய்யப்பட்டாலும் 61.5 சதவீதத்தைத் தாண்டாது. மாடியில் சோலார் தகடு போட்ட வீடுகளுக்கு இந்த வருத்தம் இல்லை, அவர்கள் பகலில் தாராளமாக இண்டக்‌ஷனில் சமைக்கலாம்.

வாங்குவதற்குமுன் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத அலுமினியம், பித்தளை, ஈயச் சொம்பு எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது.